கியர் டைட்டாக இருக்கிறது என்றார் மிஸ்

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நீங்கள் ஆறு பேரும் போன சனிக்கிழமை என்னை கார் ஷெட்டுக்கு வரவழைத்து, கியர் லேசாக விழ என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். நானும் உற்சாகமாக ஒரு மணி நேரம் பேசினேன். லீவருக்கு அடியில் தேயும் வளையமான புஷ், லீவர் இழுக்கும் கேபிள், ஆயில், கிளட்ச் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் போனில் குறித்துக்கொண்டீர்கள். வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கியரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை நான் உங்களிடம் சொல்லாமலே வந்துவிட்டேன். நேரில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

தேனாம்பேட்டையில் அந்த ஷெட்டில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். இன்ஜின் வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். பெயிண்ட், டிங்கரிங் எனக்குச் சுத்தமாக வராது. ஆனால் கியர் கரகரக்கிறது, முட்டுகிறது, விழ மாட்டேன் என்கிறது என்று யார் வந்தாலும் முதலாளி என்னைத்தான் கூப்பிடுவார். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கமிருந்து 'கியர் மூர்த்தி இருக்காரா' என்று கேட்டு வருவார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இந்தக் கதையில் அந்தக் கர்வத்துக்கும் பங்கு இருக்கிறது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஃபோர்மேன் அதிகம் பேச மாட்டார். ஆனால் ஒரே புகார் இரண்டாவது முறை வந்தால் மட்டும் ஸ்பேனரைத் தொட விட மாட்டார். "மொதல்ல அவரை ஓட்டச் சொல்லு. நீ பக்கத்துல குந்திக்கினு பாரு" என்பார். பல வருடம் அப்படித்தான் செய்தேன். பேர் வந்த பிறகு விட்டுவிட்டேன். நானே ஓட்டிப் பார்ப்பேன், என் கைக்குத் தெரியாதது எதுவும் இருக்காது என்று நினைப்பு.

ரெஜினா மிஸ் சாந்தோமில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தெருவில் பால்காரரிலிருந்து பாதிரியார் வரை எல்லோருக்கும் அவர் மிஸ்தான். கணவர் ஆரோக்கியசாமி சார். இரண்டு சிறுநீரகமும் போய், செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் அடையாறில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். ஒரே மகள் மஸ்கட்டில். சாரைக் கூட்டிப்போவது, கூட்டிவருவது, குளிப்பாட்டுவது, சட்டை போட்டுவிடுவது எல்லாமே மிஸ்தான். சார் நன்றாக இருந்தபோது வாங்கிய சின்ன கார், வெள்ளை நிறம். அதில்தான் போய்வருவார்கள்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் மிஸ் முதல் முறை வந்தார்.

"மூர்த்தி, கியர் ரொம்ப டைட்டா இருக்கு. ஃபர்ஸ்ட் போடறதுக்குள்ள சிக்னலே மாறிடுது."

ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். புஷ் தேய்ந்திருந்தது, கேபிள் காய்ந்து கிடந்தது. இரண்டையும் மாற்றினேன். ஜாப் கார்டில் தேதி போட்டு, 'கியர் டைட்' என்று எழுதி, கீழே 'சரி செய்யப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டேன். மிஸ் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "புது வண்டி மாதிரி இருக்கு" என்றார். சார் முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "மூர்த்தி, அப்படியே என்னையும் கொஞ்சம் கழட்டி மாட்டிடுங்க" என்று சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து அதே புகாரோடு திரும்ப வந்தார். ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. காசிம் என்று ஒரு மெக்கானிக் என்னோடு வேலை செய்தான். அவனையும் ஓட்டச் சொன்னேன்.

"நல்லாத்தான கீது. இன்னாண்ணே பண்றது இதுல?" என்றான்.

அந்த இடத்தில் நான் மிஸ்ஸை ஓட்டச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'கியர் மூர்த்தியிடம் வந்தும் சரியாகவில்லை' என்று ஒரு வாடிக்கையாளர் போய்ச் சொல்லிவிடுவாரோ என்பதுதான் எனக்கு இருந்த கவலை. கொஞ்சம் லேசான ஆயில் மாற்றி ஊற்றினேன். கேபிளை இன்னும் ஒரு சுற்று திருகி வைத்தேன். மிஸ் ஓட்டிவிட்டு, "பரவாயில்ல" என்றார். அந்தப் 'பரவாயில்ல' எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த முறை வந்தால் பாராட்டு வாங்காமல் அனுப்பக் கூடாது என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் மூன்றாவது முறை. லீவரை நடுவில் நிறுத்தி வைக்கும் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அதைவிட மெலிதான ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டேன். பொங்கல் கழிந்து நான்காவது முறை. சிந்தாதிரிப்பேட்டையில் தெரிந்த லேத் பட்டறைக்குப் போய் லீவரை இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டு வந்தேன். நீளம் கூடினால் கை தூரமாகப் போய்வர வேண்டும், ஆனால் பலம் குறைவாகப் போதும். என் அனுபவத்தில் அவ்வளவு லேசாகக் கியர் விழுந்த கார் வேறில்லை. இதையெல்லாம் நான் சந்தோஷமாகச் செய்தேன். எழுதும்போது கூசுகிறது, ஆனால் உண்மை.

அந்த நாட்களில் கண்ணில் பட்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். மிஸ் சாவியைக் கொடுக்கும்போது அது அவர் விரலிலிருந்து நழுவி விழுந்தது. ஒரு முறை இல்லை, இரண்டு முறை. நான்தான் குனிந்து எடுத்தேன். ஒரு நாள் ஷெட்டுக்குள் நடந்து வந்தவரின் இடது காலில் செருப்பு இல்லை. வாசலில் கழன்று கிடந்தது, அவருக்கே தெரியவில்லை. சார் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்க மிஸ் இப்பல்லாம் செருப்பை வழியில விட்டுட்டு வந்துடறா மூர்த்தி. நாளைக்கு என்னையும் எங்கயாவது விட்டுட்டு வரப்போறா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

மார்ச்சில், ஈஸ்டருக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலை ஐந்தாவது முறையாக வந்தார். வந்ததும் வராததுமாக, "மூர்த்தி, இப்ப கிளட்ச்சும் டைட்டாயிடுச்சு" என்றார். சாருக்குப் பதினோரு மணிக்கு டயாலிசிஸ். வண்டியை விட்டுவிட்டுப் போக முடியாது. காசிம் வேறு வேலையாக வெளியே போயிருந்தான். "நான் கூட வரேன் மிஸ். நீங்க ஓட்டுங்க, பாத்துக்கிட்டே வரேன். அங்க எறங்கினதும் வண்டியை எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன். சார் பின்சீட்டுக்கு மாறினார். நான் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்பது மாதத்தில் மிஸ் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான்.

ஆழ்வார்பேட்டை தாண்டும்வரை நான் லீவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கையைப் பார்த்தேன். மிஸ் லீவரைப் பிடிக்கவில்லை. விரல்கள் மடங்கவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்துத் தோளால் தள்ளினார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இருக்க வேண்டிய இடம் குழிந்து போயிருந்தது.

அடையாறு பாலத்தில் ஏறும் இடத்தில் வண்டிகள் நின்றன. எங்களுக்குப் பின்னால் ஒரு மாநகரப் பேருந்து. முன்னால் இருந்தவர்கள் நகர்ந்தார்கள். மிஸ் ஃபர்ஸ்ட் கியர் போடப் போனார், கை நழுவியது. மறுபடி போனார், மறுபடி நழுவியது. பிரேக்கிலிருந்த காலும் தளர்ந்தது, கார் மெல்லப் பின்னால் உருண்டது. பேருந்து ஹாரனை அடித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுக்கவும் அதே இடது கைதான், அதுவும் முடியவில்லை. அப்போது மிஸ் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து லீவரைப் பிடித்தார்.

நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கார் நின்றது. பேருந்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் இடம்கூட இல்லை.

"மிஸ், நீங்க ஸ்டீயரிங்கையும் கிளட்ச்சையும் மட்டும் பாருங்க. கியர் நான் போடறேன்."

அவர் கிளட்ச்சை மிதித்து, "ம்" என்றார். நான் ஃபர்ஸ்ட் போட்டேன். பாலம் ஏறியதும் திரும்ப "ம்" என்றார். செகண்ட் போட்டேன். இப்படியே அடையாறு சிக்னல் தாண்டிப் போனோம்.

பின்னாலிருந்து சார் கேட்டார், "என்ன, ரெண்டு பேரும் சேந்து ஓட்டறீங்க?"

"கியர் டெஸ்ட் பண்றாருங்க" என்றார் மிஸ், சட்டென்று.

மருத்துவமனை வாசலில் சாரை வீல்சேரில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மிஸ் பின்னாலேயே போக வேண்டியவர், ஒரு நிமிடம் நின்றார். நெற்றி முழுக்க வேர்வை.

"பாத்தீங்கல்ல மூர்த்தி? இன்னும் கொஞ்சம் லேசா பண்ண முடியுமா?"

எனக்குத் தெரிந்துவிட்டது. காரில் ஒன்றும் இல்லை, அதிலிருந்த கோளாறு எப்போதோ தீர்ந்துவிட்டது என்று பாலத்திலேயே தெரிந்துவிட்டது. நாங்கள் நின்றது ஒரு மருத்துவமனையின் வாசலில். மாடி முழுக்க டாக்டர்கள். இருந்தும் யோசித்தேன். ஒரு பெண்ணிடம் உங்கள் கையைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அவர் படித்தவர், நான் பத்தாவது தாண்டாதவன், வியாதியைப் பற்றிச் சொல்ல நான் யார் என்று நினைத்தேன். இந்த அம்மாவும் படுத்துவிட்டால் அந்த மனிதரின் கதி என்ன என்றும் நினைத்தேன். இத்தனையும் நினைத்து முடிக்க ஒரு நொடிதான் ஆனது.

"பண்ணலாம் மிஸ்" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. சாவியைக் காரிலேயே விட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காரை ஷெட்டுக்கு ஓட்டிவந்தேன். வழியெல்லாம் கியர் நினைத்த மாத்திரத்தில் விழுந்தது. காசிம் அதற்குள் வந்திருந்தான். "இன்னாண்ணே, இன்னா பண்ணப்போற?" என்றான். "தெரில" என்றேன். ஏதாவது செய்தாக வேண்டுமே என்று நன்றாக இருந்த கிளட்ச் கேபிளைக் கழற்றிப் புதிது போட்டேன். கார்டில் வழக்கம்போல எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் காசிமை அனுப்பி இருவரையும் வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னேன். நான் போகவில்லை. அடுத்த முறை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. ஏப்ரலில் வரவில்லை, மே மாதமும் வரவில்லை. சாந்தோம் ஷெட்டிலிருந்து எவ்வளவு தூரம்? பைக்கில் பதினைந்து நிமிடம். இரண்டு முறை கிளம்பினேன். ஒரு முறை மயிலாப்பூர் குளம்வரை போய்த் திரும்பிவிட்டேன். நம்பர் போனில் இருந்தது. அழைக்கவில்லை.

ஜூலையில் ஒரு நாள் ஷெட் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மிஸ் இறங்கினார். கையில் தடி. இரண்டு காலும் தரையோடு இழுபட்டன. நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

"கழுத்துல எலும்பு நரம்பை அழுத்துதாம் மூர்த்தி. கைக்கும் காலுக்கும் போற நரம்பு. அவருக்கு சட்டை பட்டன் போட வரல எனக்கு. டயாலிசிஸ் வார்டுல இருக்கிற நர்ஸ் பொண்ணுதான் பாத்துட்டு, அப்பவே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போச்சு. அடுத்த வாரம் ஆபரேஷன்."

நான் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"எப்ப ஆரம்பிச்சுதுன்னு டாக்டர் கேக்கறார். என் வீட்டுக்காரரோட ரிப்போர்ட்டு எல்லாம் தேதியோட மனப்பாடமா இருக்கு எனக்கு. என்னோடது ஒண்ணுமே ஞாபகம் இல்ல. அப்பதான் தோணிச்சு. நான் வந்த தேதி போட்ட கார்டு உங்ககிட்ட இருக்கும்ல?"

இருந்தது. பழைய கட்டைப் பிரித்து ஐந்தையும் எடுத்தேன். அவற்றைப் பார்த்து ஒரு வெள்ளைத் தாளில் தேதிகளை எழுதினேன். முதல் தேதிக்கு எதிரே, 'இது வண்டியில் இருந்த கோளாறு' என்று எழுதினேன். இரண்டாவதிலிருந்து எதிரே எழுத எதுவும் இல்லை. ஐந்து கார்டிலும் 'கியர் டைட்' என்று என் கையெழுத்தில் இருந்தது. ஐந்திலும் 'சரி செய்யப்பட்டது' என்று இருந்தது.

ஐந்தாவது தேதியை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன்.

"மிஸ், பாலத்துல அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. கோளாறு வண்டில இல்லன்னு தெரிஞ்சுடுச்சு. சொல்லாம விட்டுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"எனக்கும் தெரியும் மூர்த்தி. அன்னைக்கு இல்ல, அதுக்கு முன்னாடியே. டாக்டர்கிட்ட போனா எனக்கு வியாதின்னு சொல்லுவாங்க. உங்ககிட்ட வந்தா வண்டிக்குன்னு சொல்லுவீங்க. எனக்கு வியாதி வர நேரமில்லையே. அதனால உங்ககிட்டயே வந்துட்டு இருந்தேன்."

தாளை மடித்துப் பைக்குள் வைக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நான் உதவப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். வைத்து முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ஆனா நீங்க சொல்லியிருந்தா போயிருப்பேன்."

ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

ஆபரேஷன் நடந்தது. அதற்குமேல் மோசமாகாமல் நிறுத்த முடிந்தது, போனதைத் திருப்ப முடியவில்லை. தாளிலிருந்த தேதிகளைப் பார்த்துவிட்டு டாக்டர், மழைக்காலத்தில் வந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம். மார்ச்சில் வந்திருந்தாலும் கால் இவ்வளவு போயிருக்காது என்றாராம். மிஸ்ஸே இதை என்னிடம் சொன்னார், மார்க் ஷீட்டை வாசிப்பதுபோல. இனி கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மார்ச் என்பது என்னுடைய மாதம். அதை நான் யார் மீதும் போட முடியாது.

முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, செவ்வாய், வியாழன், சனியில் அவர்களை நான் கூட்டிப்போய் வந்தேன். மிஸ் பின்சீட்டில், சார் எனக்குப் பக்கத்தில். சார் என்னோடு கிரிக்கெட் பேசுவார். மிஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவார். எட்டு மாதம் அப்படி ஓடியது. அடுத்த தவக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை சார் தூக்கத்திலேயே போய்விட்டார். அவருக்குக் கடைசிச் சட்டையைப் பட்டன் போட்டுவிட்டது நான்தான். மிஸ் கட்டிலருகில் உட்கார்ந்து, "மேல் பட்டன் வேணாம் மூர்த்தி, அவருக்கு இறுக்கமா இருந்தா பிடிக்காது" என்றார்.

அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்தது ஒரு வருடத்துக்கும் குறைவு. அந்தச் சமயத்தில் தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் வந்தார். கிளட்ச் டைட் என்று இரண்டாவது முறை. அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலைப் பார்த்தேன். ஷெட்டுக்குத் திரும்பி வந்து, "வண்டில ஒண்ணும் இல்ல சார். உங்க இடது காலை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வேல தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்வே, காலப் பத்தி ஏன் பேசுதீரு?" என்று சத்தம் போட்டு, காரை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. ஒரு வாடிக்கையாளரை விரட்டிவிட்டாயே என்று முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் டாக்டரிடம் போனாரா, அவர் காலில் உண்மையிலேயே ஏதாவது இருந்ததா, எனக்குத் தெரியாது. தெரியாமலே போகட்டும். நீங்களும் சொல்லுங்கள். தப்பாகவே இருந்தாலும் சொல்லுங்கள். திட்டு வாங்கினால் ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

மிஸ்ஸின் காரை விற்றுக் கொடுத்ததும் நான்தான். மகள் மஸ்கட்டிலிருந்து வந்து அம்மாவைக் கூட்டிப்போக ஏற்பாடு செய்திருந்தாள். அடையாறில் வேலை பார்க்கும் ஒரு பையன் வாங்க வந்தான், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, கூடவே மனைவியும் வந்திருந்தாள். கடற்கரைச் சாலையில் இருவரும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்கள். மிஸ் வீட்டு கேட்டின் அருகில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். பையன் இறங்கும்போதே சிரித்துக்கொண்டே இறங்கினான்.

"ஆன்ட்டி, கியர் சூப்பரா இருக்கு. எங்க ஆபீஸ் புது வண்டியிலகூட இப்படி விழாது. யார் பண்ணாங்க?"

மிஸ் என் பக்கம் தலையைத் திருப்பினார். குரலில் குத்தல் இல்லை, வருத்தமும் இல்லை. நல்ல ஆளை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்கிற குரல்தான்.

"இவர்தான். மூர்த்தின்னு பேரு. கியர்னா இவர்கிட்டயே போங்க, நல்லா பண்ணுவார்."

அந்தப் பையன் என் நம்பரைக் கேட்டான். நான் சொன்னேன்.